பி டீமுக்கு யார் கோச்?

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கும் ஒரு டவுன்ஷிப்பின் சாக்கர் கிளப்பில் சில வருடங்களாக வாலன்டியராக இருக்கிறேன். மகனின் டீமுக்குக் கோச்சாக ஆரம்பித்து, இப்போது ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பையன்கள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, வாட்ஸ்அப்பில் வசவு உண்டு. பிள்ளையை முதல்முறை சேர்க்க வரும் பெற்றோரும் சரி, பக்கத்து ஊர்களில் கிளப் நடத்தும் நண்பர்களும் சரி, கேட்பது ஒரே கேள்வி: பிள்ளைகளை எப்படித் தரம் பிரிக்கிறீர்கள்? பிரிப்பது ஒரு வார வேலை. பிரித்த பிறகு கீழே இருக்கும் டீமை எப்படி நடத்துகிறோம், அங்கிருந்து மேலே வர வழி வைத்திருக்கிறோமா என்பது வருடம் முழுக்க நடக்கும் வேலை. நான் பார்த்த கிளப்புகளில் பலவும் அந்த ஒரு வாரத்துக்கு உயிரைக் கொடுத்துவிட்டு, மிச்ச வருடத்தைக் கண்டுகொள்வதில்லை.

இந்த நாட்டு ஏற்பாடு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்தட்டில் 'ரெக்'. ஊருக்குள்ளேயே ஆட்டம், யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், கோச் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ. அதற்கு மேல் 'டிராவல்'. டிரைஅவுட் வைத்துப் பிள்ளைகளை எடுத்து, பக்கத்து ஊர் டீம்களோடு லீக் ஆடுவது. லீக்குக்குள்ளும் ஃப்ளைட் 1, ஃப்ளைட் 2 என்று அடுக்குகள். அதற்கும் மேலே இடிபி, இசிஎன்எல், எம்எல்எஸ் நெக்ஸ்ட் (எம்எல்எஸ் என்பது இந்த நாட்டின் முதல்தர தொழில்முறை லீக்) என்று எழுத்துக் கூட்டங்களாகப் பெயர் வைத்த பெரிய லீக்குகள். நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பான யு.எஸ். சாக்கர் 2007இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி 2020 ஏப்ரலில் மூடப்பட்டதும் அந்த இடத்தைப் பிடித்ததுதான் எம்எல்எஸ் நெக்ஸ்ட். ரெக்கில் சொற்பத்தில் முடியும் செலவு மேல்தட்டில் வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர்வரை போகும். ஒன்பது வயதுப் பிள்ளையின் பெற்றோர் இந்த எழுத்துகளைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. யோசிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வயதுக்கேற்ற ஆட்ட அமைப்பை யு.எஸ். சாக்கர் 2017 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. எட்டு வயதுவரை 4-க்கு 4, கோல்கீப்பரே கிடையாது. யு9, யு10, அதாவது ஒன்பது, பத்து வயதுக்குட்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு 7-க்கு 7. யு11, யு12க்கு 9-க்கு 9. யு13இல்தான் 11-க்கு 11. "பதினோரு பேர் இல்லாம அது என்னப்பா ஃபுட்பால்?" என்று சென்னையிலிருந்து வந்த தாத்தாக்கள் மைதான ஓரத்தில் நின்று அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆள் குறைந்தால் பந்து காலுக்கு வரும் தடவை கூடும். விஷயம் அவ்வளவுதான். 7-க்கு 7இல் பில்ட்அவுட் லைன் என்று ஒரு கோடும் உண்டு. கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிரணி மொத்தமும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைக்கக் கூடாது, உருட்டியோ எறிந்தோ, கீழே வைத்துக் காலால் பாஸ் செய்தோ கொடுக்க வேண்டும். தலையால் முட்டுவதும் இந்த வயதில் தடை. முன்பெல்லாம் பலமாக உதைக்கும் ஒரு பையனும் வேகமாக ஓடும் ஒரு பையனும் கிடைத்தால் போதும், அந்த டீம் ஜெயித்துக்கொண்டே இருக்கும். இப்போது பந்தை வாங்கி, திரும்பி, கொடுக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மதிப்பு வந்திருக்கிறது. டீம் பிரிக்கும்போது இதை மனதில் வைக்காவிட்டால் பழைய கண்ணோடு புதிய ஆட்டத்துக்கு ஆள் எடுப்போம்.

டிரைஅவுட்டுக்கு முன்பே ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும். யு9க்கு 30 பிள்ளைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் வீதம் இரண்டு டீம் போட்டு ஆறு பேரைத் திருப்பி அனுப்பலாம். 10 பேர் வீதம் மூன்று டீமும் போடலாம். மேட்ச் 50 நிமிடம், களத்தில் ஏழு பேர். பங்கு போட 350 நிமிடம் இருக்கிறது. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 35 நிமிடம், பன்னிரண்டு பேர் என்றால் 29. நாங்கள் எப்போதும் மூன்று டீம்தான். மூன்றாவது டீமுக்கு கோச், ரெஃப்ரி, மைதானம் என்று செலவு கூடும். அதை எல்லாக் குடும்பங்களும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும்படி கட்டணத்தை வைக்கிறோம். எட்டு வயதில் 'உனக்கு ஆட்டம் வராது' என்று ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு, பன்னிரண்டு வயதில் 9-க்கு 9 டீமுக்கு ஆள் தேடி அலையும் கிளப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

டிரைஅவுட்டில் கூம்புகளுக்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போகும் சோதனையெல்லாம் எங்களிடம் கிடையாது. அதில் கூம்புகளைத் தாண்டுவதில் யார் கெட்டி என்பது மட்டும் தெரியும். நாலு சின்ன மைதானம் போடுகிறோம். 4-க்கு 4, ஒவ்வொரு ஆட்டமும் ஆறு நிமிடம், ஆள் குறைந்தால் 4-க்கு 3. ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டாளிகளைக் கலைத்துப் போடுவோம். ஜெயித்த பக்கத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புள்ளி, சமன் ஆனால் ஒன்று. ஏழெட்டுச் சுற்று முடிந்தால் ஒரு வரிசை தானாக வந்துவிடும். ஓரமாக நின்று கோச்சுகள் எழுதும் வரிசையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் சுவாரசியமே.

கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு பையன் ஒருமுறை வந்திருந்தான். யாரையும் வெட்டிக்கொண்டு போகவில்லை, ஒரு கோலும் போடவில்லை. எங்கள் கோச்சுகள் மூவரின் பட்டியலிலும் கடைசிப் பத்தில் இருந்தான். புள்ளிக் கணக்கிலோ முதல் ஐந்துக்குள். அடுத்த நாள் மாலை அவனை மட்டும் கவனித்தோம். பந்து தன்னை நோக்கிக் கிளம்பும்போதே தோளுக்கு மேல் பின்னால் ஒரு பார்வை. வந்த பந்தைத் தூரத்துக் காலால் வாங்கி, இரண்டாவது தொடுதலிலேயே ஆள் இல்லாத பக்கத்துக்குக் கொடுத்துவிடுவான். கொடுத்ததும் நிற்க மாட்டான், ஐந்தாறு அடி நகர்ந்து மறுபடி வாங்கும் இடத்துக்கு வந்துவிடுவான். கூட்டாளிகள் யார் மாறினாலும் அவன் இருந்த பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தது. நம் கண் ஓட்டத்தையும் உதையையும் பார்த்துப் பழகிய கண். புள்ளிக் கணக்கு அதற்கு ஒரு கடிவாளம்.

ஆனால் புள்ளியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரண்டு மாலை நேரம் ஜுரத்தோடு ஆடிய பிள்ளை என்ன செய்யும்? வருடம் முழுக்கப் பார்த்த கோச்சின் குறிப்புக்கு மூன்றில் இரண்டு பங்கும், டிரைஅவுட்டுக்கு ஒரு பங்கும் வைத்திருக்கிறோம். அப்புறம், தன் பிள்ளையின் பெயர் வரும்போது அந்தக் கோச் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பக்கத்து ஊர் கிளப் ஒன்றோடு கோச்சுகளை மாற்றிக்கொள்வதும் நல்ல பழக்கம். அவர்கள் டிரைஅவுட்டை நம் ஆள் பார்ப்பார், நம்முடையதை அவர்கள் ஆள். யார் மகன் யார் என்று தெரியாதவர் எழுதும் குறிப்புக்குத் தனி மரியாதை உண்டு.

முடிவைச் சொல்லும் விதத்தில் பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடலாம். பட்டியலாக எங்கும் போடுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்னஞ்சல். பிள்ளை நன்றாகச் செய்வது ஒன்று, அடுத்து உழைக்க வேண்டியது ஒன்று, இரண்டும் அதில் இருக்க வேண்டும். கீழ் டீமுக்கு மாறும் பிள்ளை என்றால் மின்னஞ்சலுக்கு முன்பே போன். அந்தப் போன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அவன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஏ டீம். இவன் மட்டும் எப்படி?"

"ஏ டீம்ல பத்தாவது ஆளா பாதி நேரம் வெளியில நிக்கறதா, பி டீம்ல நடுவுல நின்னு ஆட்டத்தை நடத்தறதா? நீங்க சொல்லாதீங்க, அவனையே கேளுங்க."

பிள்ளையைக் கேட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். பெற்றோருக்குத்தான் கோயில் வாசலிலும் பிறந்தநாள் விழாவிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டீம்களுக்கு ஏ, பி என்று வைக்காமல் நீலம், வெள்ளை, கறுப்பு என்று வைக்கிறோம். அதனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் பிள்ளைகளோடு பழகாதவர்கள். இங்கே வசதிக்காக ஏ, பி என்றே எழுதுகிறேன்.

சரி, பி டீமுக்கு வருவோம். வழக்கமாக என்ன நடக்கிறது? கிளப்பில் இருப்பதிலேயே நல்ல கோச், லைசன்ஸ் வைத்திருப்பவர், சம்பளம் வாங்குபவர், ஏ டீமுக்குப் போகிறார். ஏ டீம் பெற்றோரின் குரல்தான் கிளப் கூட்டத்தில் அதிகம் கேட்கும் என்பது ஒரு காரணம். பி டீமுக்கு, கூட்டத்துக்குத் தாமதமாக வந்து மறுக்க முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு அப்பா. ஏ டீமுக்கு நல்ல புல்தரை, வாரம் மூன்று பயிற்சி. பி டீமுக்குப் பள்ளிக்கூடத்துப் பின்பக்க மேட்டு நிலம், வாரம் ஒன்று. அடுத்த மே மாதம் இரண்டு டீமையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, போன வருஷம் சரியாத்தான் பிரிச்சிருக்கோம்" என்கிறோம். வித்தியாசத்தை நாமே உண்டாக்கிவிட்டு அதை நம் கணிப்பின் வெற்றியாகக் கணக்கெழுதுவது எனக்குச் சகிக்கவில்லை.

எங்கள் பிரிவில் யு9, யு10க்குத் தலைகீழாக வைத்திருக்கிறோம். அனுபவமுள்ள கோச் முதலில் பி, சி டீம்களுக்கு. ஏ டீமில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் பந்தை அடித்து, சனிக்கிழமை பிரீமியர் லீக் பார்த்து, பாதி வேலையைத் தாங்களே செய்துகொள்வார்கள். ஆட்டத்தை நன்றாக நிர்வகிக்கும் ஒரு வாலன்டியர் அங்கே போதும். பி டீமில் ஒரு பிள்ளைக்குப் பந்து காலில் பட்டு இரண்டு அடி தள்ளிப் போகிறது, இன்னொருவன் எப்போதும் பந்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறான், மூன்றாமவனுக்கு இடது கால் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. இதையெல்லாம் திருத்தச் சொல்லித்தரத் தெரிந்த ஆள் வேண்டும். இந்த மாற்றத்தை அறிவித்ததும் ஏ டீம் பெற்றோர் சிலர் கொதித்தார்கள். ஓரிரு குடும்பங்கள் பெரிய கிளப்புக்குப் போயின. போகட்டும் என்றுதான் இருந்தோம்.

பயிற்சி நேரமும் எல்லா டீமுக்கும் ஒன்றுதான். ஒரே மாலை, ஒட்டியிருக்கும் மைதானங்கள். செவ்வாய்க்கிழமை வயதுப் பிரிவு மொத்தமும் கலந்து பயிற்சி, வியாழக்கிழமை அவரவர் டீமோடு. செவ்வாய்க்கிழமைகளில் யார் எந்த டீம் என்று பார்க்காமல் குழு போடுவோம். யு.எஸ். சாக்கரின் கிராஸ்ரூட்ஸ் பயிற்சியில் கோச்சுகளுக்குச் சொல்லித்தருவது 'ஆட்டம், பயிற்சி, மறுபடி ஆட்டம்' என்ற வரிசை. வந்து சேரும் முதல் நாலு பிள்ளைகள் உடனே 2-க்கு 2 ஆட ஆரம்பித்துவிட வேண்டும். வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கும் பிள்ளையைக் கண்டால் அந்தப் பயிற்சியை நான் நிறுத்தச் சொல்லிவிடுவேன். பயிற்சிக்கு ஒரு மணி கால் நேரம்தான். அதில் பாதியை வரிசையில் நின்றே கழித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு ஏன் மைதானம்வரை வர வேண்டும்?

அடுத்தது, ஏறி இறங்கும் வழி. பல லீக்குகளில் ஒரே கிளப்பின் கீழ் டீம் பிள்ளை மேல் டீமுக்கு விருந்தாளியாக ஆடலாம். கிளப் பாஸ் என்பார்கள். பெரும்பாலான கிளப்புகள் இதை ஆள் பற்றாக்குறைக்கு மட்டும் பயன்படுத்துகின்றன. யாருக்கோ காய்ச்சல் என்று சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மெசேஜ் வரும். நாங்கள் சீசன் தொடக்கத்திலேயே அட்டவணை போட்டுவிடுகிறோம். எந்த வார இறுதியில் பி டீமிலிருந்து எந்த இரண்டு பேர் ஏ டீமோடு ஆடப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சி டீமிலிருந்து பி டீமுக்கும் அப்படியே. மேலே போய் ஆடும்போது வேகம் தெரியும், எங்கே பின்தங்குகிறோம் என்று அந்தப் பிள்ளைக்கே புரியும். எதிர்த்திசையிலும் அனுப்புகிறோம். ஏ டீமில் ஓரத்திலேயே நின்று பந்து கிடைக்காமல் இருக்கும் பையன், பி டீம் மேட்ச் ஒன்றில் நடு மிட்ஃபீல்டில் ஆடுவான். இதைப் பெற்றோரிடம் விற்பதுதான் கஷ்டம். தண்டனை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அட்டவணையில் எல்லாப் பெயரும் ஒருமுறையாவது வந்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும்.

நிரந்தரமாக டீம் மாற்றுவது டிசம்பரில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை. நடு சீசனில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஒரு மோசமான ஞாயிற்றுக்கிழமைக்காகப் பிள்ளையை மாற்ற ஆரம்பித்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டம் போட வேண்டியிருக்கும்.

டீமை எந்த ஃப்ளைட்டில் போடுவது என்பதிலும் கௌரவம் உள்ளே வந்துவிடும். ஃப்ளைட் 1இல் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டு, வாரா வாரம் 8-0 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு வரும் டீம்கள் உண்டு. கீழ் ஃப்ளைட்டில் நின்றுகொண்டு 8-0 என்று ஜெயித்துக் கோப்பை சேர்க்கும் டீம்களும் உண்டு. இரண்டிலும் பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. ஒரு சீசனில் மூன்றில் ஒரு பங்கு மேட்ச் தோற்கிற இடம்தான் ஒரு டீமுக்குப் பொருத்தமான இடம் என்பது என் அனுபவம். நார்வேயில் பதினோரு வயதாகும் ஆண்டுக்கு முன்னால் பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியலே வைக்கக் கூடாது என்று விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. ஒஸ்லோவில் இருக்கும் ஈழத்து நண்பரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பட்டியல் இல்லையெண்டாலும் பொடியள் ஸ்கோரை மறக்கமாட்டினம். ஆனா தகப்பன்மார் மறந்திடுவினம், அது காணும்" என்றார்.

ஆடும் நேரத்தை எழுத்தில் வைத்துவிடுங்கள். யு12வரை எந்த டீமாக இருந்தாலும் ஒவ்வொரு மேட்ச்சிலும் பாதி நேரம் நிச்சயம். யு13இலிருந்து ஏ டீமில் அந்த உறுதி கிடையாது, அதையும் சேரும்போதே சொல்லிவிடுகிறோம். யு11வரை கீப்பர் சுற்றில் எல்லோரும் நின்றாக வேண்டும். உயரமாக இருக்கிறான் என்று ஒன்பது வயதுப் பையனை நிரந்தரக் கீப்பராக்குவது அநியாயம். மேட்ச் முடிந்து 24 மணி நேரம்வரை கோச்சிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதி பல கிளப்புகளில் உண்டு, எங்களிடமும் உண்டு. பெண் பிள்ளைகள் பிரிவில் எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கே இரண்டு வயதைச் சேர்த்து ஒரே குழுவாகப் பயிற்சி கொடுத்து, மேட்ச்சுக்கு மட்டும் பிரிக்கிறார்கள். அது நன்றாகவே ஓடுகிறது.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, மேட்ச்சும் ஞாயிற்றுக்கிழமை. பரதநாட்டியம், கணக்கு டியூஷன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். 'வர முடியாது' என்று வெள்ளிக்கிழமை சொல்லும் குடும்பத்தோடு சண்டை போடுவதைவிட, சேரும்போதே வருட நாட்காட்டியை வாங்கிவைத்துக்கொண்டு, லீக்கிடம் முன்கூட்டியே மதிய மேட்ச் கேட்பது மேல். கேட்டால் பல சமயம் தருகிறார்கள்.

பெரிய கிளப்புக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் பன்னிரண்டு வயதுவரை அவசரமில்லை என்பேன். அதற்குமேல் பிள்ளை தானாகக் கேட்டால், அங்கே எந்த டீமில் எடுக்கிறார்கள், அந்த டீமின் கோச் யார், போன வருடம் அந்தக் கீழ் டீமிலிருந்து எத்தனை பேர் மேலே போனார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சட்டையில் இருக்கும் முத்திரைக்குப் பணம் கட்டி, அந்தக் கிளப்பின் நாலாவது டீமில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். எம்எல்எஸ் கிளப்புகளின் சொந்த அகாடமிகளில் பெரும்பாலும் கட்டணமே கிடையாது. உண்மையிலேயே அந்தத் தரத்தில் இருக்கும் பிள்ளையை அவர்களே தேடி வருவார்கள்.

கடைசியாகப் பிறந்த தேதி. சில வருடங்களாக ஜனவரி 1 முதல் டிசம்பர் 31வரை ஒரு வயதுப் பிரிவு. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே டிரைஅவுட்டில் நிற்பார்கள். ஒன்பது வயதில் பதினோரு மாதம் என்பது உயரம், எடை, கவனம் எல்லாவற்றிலும் தெரியும். வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் தேர்வு அணிகளில் அதிகம் இருப்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். உடம்பு தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே பெல்ஜியம் கால்பந்துச் சங்கம் தனி இளையோர் அணி நடத்தியிருக்கிறது. பிரான்சின் அகாடமிகள் உடல் சின்னது என்று ஒதுக்கிய, பின்னாளில் அந்த நாட்டு அணியின் நட்சத்திரமான கிரீஸ்மானை ஸ்பெயினின் ரியல் சோசியடாட் கிளப் எடுத்துக்கொண்டது. பின்னாளில் இங்கிலாந்து அணியின் நட்சத்திரமான ஹாரி கேனை ஆர்சனல் கிளப் சிறுவயதிலேயே விட்டுவிட்டது. எங்கள் மதிப்பெண் தாளில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதிவிடுகிறோம். இரண்டு பிள்ளைகள் சமமாக நின்றால் பின்னால் பிறந்தவனுக்கு இடம்.

இந்தக் கணக்கு 2026-27 சீசனிலிருந்து மாறுகிறது. இனி ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31வரை ஒரு பிரிவு. 2016 அக்டோபரில் பிறந்த பிள்ளை 2025-26இல் யு10 ஆடி முடித்துவிட்டு, மறுவருடமும் யு10தான். நேற்றுவரை கூட்டத்தில் சின்னவன், இனி பெரியவன். அவன் திடீரென்று பிரகாசித்தால் அது பயிற்சியாலா, நாட்காட்டியாலா என்று கோச்சுகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பள்ளி வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியும் என்பதற்காகத்தான் இந்த மாற்றம். ஆனால் எங்கள் பள்ளி மாவட்டத்தில் வகுப்பு பிரிக்கும் பிறந்தநாள் கணக்கு அக்டோபர் 1. அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகள் மட்டும் புதிதாக வகுப்பு நண்பர்களைப் பிரிகிறார்கள். அந்த வீடுகளின் பட்டியலைத் தனியே எடுத்து, மற்ற யாருக்கும் சொல்வதற்கு முன் அவர்களுக்குப் போன் போட்டோம். ஒரு வயது மேலே ஆட விருப்பமுள்ள பிள்ளைகள் ஏப்ரலில் 9-க்கு 9 மைதானத்துக்கு வந்து யு11 பையன்களோடு ஆடிப் பார்க்கலாம், அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவு சொல்கிறோம் என்று ஏற்பாடு.